விதைநெல்லும் கணிப்பொறிக் கணக்கும்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கு வேலை பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு மாறி வருவதை அங்கத்தினர்கள் யாவரும் அறிவர். நூல் வழங்கல், நெசவுக் கூலி, சிக்கன நிதி, பயிர்க் கடன், நகைக் கடன், உர இருப்பு என்று பல அலமாரிகளை நிரப்பியிருந்த விவரங்கள் இன்று மேசை மேல் உள்ள ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. இம்மாற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் ஒரு கேள்விக்கு விடை தயாராக வைத்திருத்தல் வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து. நாளைக் காலையில் அலுவலகத்தைத் திறந்து பொத்தானை அழுத்தும்போது கணிப்பொறி உயிர் பெறாவிட்டால், எந்தத் தேதி வரையிலான கணக்கு நமக்குத் திரும்பக் கிடைக்கும்? எத்தனை நாட்களில் கிடைக்கும்?

இது கணிப்பொறி அறிந்தவர்களின் விவகாரம், நமக்கென்ன என்று நெசவாளரோ உழவரோ ஒதுங்கிவிடலாகாது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், கூட்டுறவு நிறுவனங்களில் 16.43 லட்சம் உழவர்கள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க் கடன் தள்ளுபடி செய்யப்படுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அவ்வாண்டு ஜனவரி 31ஆம் நாள் நிலுவையிலிருந்த கடன்களே கணக்கில் கொள்ளப்பட்டன. அந்த ஒரு நாளில் சங்கக் கணக்கில் ஓர் உழவரின் பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டிருந்ததோ, அதுவே அவருக்குக் கிடைத்த சலுகையை முடிவு செய்தது. கணக்கில் ஒரு வரி மறைந்தால் அங்கத்தினரின் உரிமையும் அதனுடன் மறையக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. நெசவாளரின் நிலையும் இதுவே. வாங்கிய பட்டு நூலும் சரிகையும், திருப்பிக் கொடுத்த சேலைகளும், சேர வேண்டிய கூலியும் எழுத்தில் நின்றால்தான் பேச்சில் நிற்கும்.

லினக்ஸ் வந்த வழி

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அதனை உண்டாக்கிய நிறுவனம் வழங்கி வந்த வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. அடுத்த பதிப்பைத் தாங்கும் வலிமை பழைய கணிப்பொறிகள் பலவற்றுக்கு இல்லை. நன்றாக ஓடும் பொறியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் ஏற்றதொரு வழியாக இருக்கிறது. 1991இல் ஃபின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிவைத்து, பல நாட்டினரும் கைகோத்து வளர்த்து, எவரும் விலையின்றிப் பயன்படுத்துமாறு விடப்பட்டது இது. தமிழகத்துக்கு இது புதிதன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் 'பாஸ்' என்னும் பெயரால் இந்தியாவுக்கென ஒரு லினக்ஸை 2007இல் வெளியிட்டது. அக்காலத்திலேயே எல்காட் நிறுவனமும் தன் அலுவலகக் கணிப்பொறிகளில் லினக்ஸைப் புகுத்தியது.

எனினும், லினக்ஸ் வைத்துவிட்டோம், இனி அச்சமில்லை என்று எண்ணுவது பிழை. லினக்ஸில் நச்சு நிரல்களின் தொல்லை குறைவு என்பது உண்மையே. ஆனால் ஹார்ட் டிஸ்க் தேய்ந்து போவதையோ, மின்சாரம் ஏறி இறங்கிப் பொறி கெடுவதையோ, திருட்டையோ, கூரை ஒழுகுவதையோ, அவசரத்தில் ஒரு கை தவறான கோப்பை அழித்துவிடுவதையோ எந்த இயங்குதளமும் தடுத்துவிடாது. ஆகவே நகல் எடுத்து வைத்தல் இன்றியமையாதது. இதனை மறுப்பவர் எவரும் இலர். நாம் வற்புறுத்த விரும்புவது இதற்கு அடுத்த படியைத்தான்.

எடுத்து வைத்தது முளைக்கிறதா?

அடுத்த பட்டத்துக்கு உழவர் விதைநெல்லைத் தனியே காயவைத்துப் பத்திரப்படுத்துகிறார். குதிரில் நெல் இருக்கிறது என்ற துணிவில் மட்டும் அவர் நாற்றங்காலுக்குப் போவதில்லை. எண்ணி நூறு மணிகளை எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, எத்தனை முளைத்தன என்று பார்க்கிறார். சான்று பெற்ற நெல் விதைக்கு நூற்றுக்கு 80 முளைக்க வேண்டும் என்று அரசே விதி வைத்திருக்கிறது. முளைக்காத விதை, பார்வைக்கு எத்தனை பொலிவாக இருந்தாலும், விதையன்று.

கணிப்பொறி நகலும் இத்தகையதே. திரும்ப எடுத்துப் பார்க்காத நகல், முளைப்பு பார்க்காத விதைநெல். நமது கருத்தின் சாரம் இதுவே: நகலெடுக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது, எது அதிகத் திறமை வாய்ந்தது என்று தேடாமல், எதனை நமது சங்கத்தின் எழுத்தரே வெளியார் துணையின்றி மீட்டுக் காட்ட முடியும் என்று தேட வேண்டும். மீட்க எளிதானதே நல்ல முறை. ஏனையவை எத்தனை சிறப்புடையனவாயினும் நமக்கு ஆகா.

இந்நாட்டு முன்னோர்க்கு இவ்வுண்மை நன்கு தெரிந்திருந்தது. அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு முதலாம் இராசராச சோழன் தனது 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். அதன் சுவர்களில் நிலக் கொடைகளும் விளக்குக் கொடைகளும் கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டிருந்தன. கல்லைப் பிரிப்பதற்கு முன்பே அவை யாவும் ஏட்டில் படியெடுக்கப்பட்டன. அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அந்த ஏட்டைப் பார்த்து மீண்டும் கல்லில் வெட்டினார்கள். படியெடுத்தல் பாதி வேலை. கல்லில் திரும்ப ஏற்றியதே முழு வேலை. அதனாலேயே கொடையாளரின் பெயரும் கோயிலின் உரிமையும் நிலைத்தன.

பிற இடங்களில் நேர்ந்தவை

பெரிய நிறுவனங்கள் பெரும் பொருள் செலவழித்தும் இவ்விஷயத்தில் இடறியிருப்பதை நாம் பாடமாகக் கொள்ளலாம். உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் தம் வேலைகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், ஒரு பணியாளர் பழுது பார்க்கும் அவசரத்தில் தவறான பொறியிலிருந்த தரவுகளை அழித்துவிட்டார். நகல் காக்க அங்கே ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன. வேண்டிய நேரத்தில் ஐந்தில் ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. அவற்றுள் ஒரு நகல் நெடுநாளாகவே எடுக்கப்படாமல் இருந்தது. அது தவறிவிட்டது என்று அறிவிக்க வேண்டிய மின்னஞ்சலும் எவரையும் சென்று சேரவில்லை. வேறொரு காரியத்துக்காகச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு எடுத்திருந்த ஒரு படியைக் கொண்டே அவர்கள் மீண்டார்கள். இடைப்பட்ட நேரத்து வேலை போனது போனதுதான். தமக்கு நேர்ந்ததை அந்நிறுவனத்தார் மறைக்காமல் எழுதி வெளியிட்டது பாராட்டத்தக்கது. ஐந்து ஏற்பாடுகளைக் காட்டிலும், பார்த்துச் சோதித்த ஓர் ஏற்பாடு மேலானது என்பதே அதனால் விளங்குகிறது.

தென்கொரிய நாட்டின் தேஜோன் நகரில் அரசுக் கணிப்பொறிகள் வைக்கப்பட்டிருந்த நிலையத்தில் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் மின்கலங்களிலிருந்து தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தம் அலுவல் கோப்புகளைச் சேமித்து வந்த சேமிப்பகம் முழுவதும் எரிந்து போயிற்று. அதில் இருந்த தரவின் அளவு 858 டெராபைட். அளவு மிகப் பெரிதாக இருந்தமையால் வெளியிடத்தில் படி வைக்கவில்லை என்று காரணம் கூறப்பட்டது. கணிப்பொறித் தொழிலில் பேர் பெற்ற ஒரு நாட்டிலேயே இவ்வாறு நேர்ந்தது. நமது சங்கங்களின் தரவு அவ்வளவு பெரிதன்று. உள்ளங்கையில் அடங்கும் ஒரு டிஸ்கில் பல்லாண்டுக் கணக்கு அடங்கிவிடும். ஆகையால் அந்தக் காரணத்தைக் கூறவும் நமக்கு இடமில்லை.

கூட்டுறவுத் துறையையே தொட்ட நிகழ்ச்சியும் உண்டு. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராமிய வங்கிகளுக்கும் கணிப்பொறிச் சேவை அளித்து வந்த சி-எட்ஜ் என்னும் நிறுவனத்தைப் பணம் பறிக்கும் நச்சு நிரல் தாக்கியதையடுத்து, 2024ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் ஏறத்தாழ 300 சிறு வங்கிகள் நாட்டின் பணப் பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டன. விரைவில் இணைப்பு மீண்டும் கிடைத்தது. எனினும், தொலைவிலுள்ள ஒரு நடுநிலையத்தில் தடை ஏற்பட்டால் கிராமத்து அங்கத்தினரின் கையிலும் பணம் நின்றுவிடும் என்பதை அந்நாள் காட்டியது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணிப்பொறி மயமாக்க மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. அத்தகைய திட்டங்களில் கணக்கு நடுநிலையத்தில் இருக்கலாம். ஆனால் தீர்மானப் புத்தகத்தின் படிகள், கடிதங்கள், அங்கத்தினர் ஆவணங்களின் ஒளிப்படிகள், நாள்தோறும் எடுக்கும் இருப்புப் பட்டியல்கள் யாவும் சங்கத்தின் கணிப்பொறியிலேயே இருக்கும். நெசவாளர் சங்கங்களுக்கோ அந்த நடுநிலையமும் இல்லை. எனவே நமது காப்பு நமது கையில்தான்.

எதைக் காக்க வேண்டும்?

கணிப்பொறியில் உள்ள அனைத்தையும் ஒன்றாகக் கட்டிக் காக்க முயல்வதே சிக்கலின் தொடக்கம் என்பது நமது அபிப்பிராயம். இயங்குதளம் வேறு, நமது தரவு வேறு. லினக்ஸும் அதன் மென்பொருள்களும் எப்போது வேண்டுமாயினும் இணையத்தில் விலையின்றிக் கிடைப்பவை. ஒரு பென் டிரைவில் அதனை எழுதி அலமாரியில் வைத்துக்கொண்டால், வெற்றுக் கணிப்பொறி ஒன்றில் மீண்டும் நிறுவிவிடலாம். தறியை எந்த ஊரிலும் வாங்கலாம்; பாவில் உள்ள நம் நூல் வேறெங்கும் கிடைக்காது. காக்க வேண்டியது நூலைத்தான்.

லினக்ஸில் பயனாளரின் கோப்புகள் யாவும் 'ஹோம்' என்னும் ஒரே கோப்புறையின் கீழ் இருப்பது நமக்கு நல்வாய்ப்பு. அதனைக் காத்தால் பெரும்பகுதி காத்ததாகும். எனினும் நான்கு பொருள்களில் தனிக் கவனம் வேண்டும்.

முதலாவது, கணக்கு மென்பொருளின் தரவுத்தளம். அது ஹோமுக்கு வெளியே இருத்தலும் உண்டு. மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தரவுக் கோப்பை அப்படியே படியெடுப்பது, எழுத்தர் எழுதிக்கொண்டிருக்கும் பேரேட்டைப் பாதி வரியில் பிடுங்கிப் படியெடுப்பது போன்றது. மை எஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் முதலிய தரவுத்தளங்களில் முழுக் கணக்கையும் ஒரு தனிக் கோப்பாக எழுதித் தரும் கட்டளை உண்டு. மாலையில் அதனை இயக்கி, கிடைக்கும் கோப்பையே காக்க வேண்டும்.

இரண்டாவது, நெசவு வடிவங்கள். ஆரணிப் பட்டு நெசவில் ஜக்கார்டு அட்டை நனைந்தாலும் கிழிந்தாலும், கட்டம் போட்ட வரைபடம் கையில் இருந்தால் அட்டையை மீண்டும் குத்திக்கொள்ளலாம். இப்போது வரைபடமே கணிப்பொறிக் கோப்பாகிவிட்டது. அக்கோப்புப் போனால் அந்தப் புட்டாவும் கரையும் போனதாகவே கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பழைய தமிழ் எழுத்துருக்கள். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முன்பும், சில இடங்களில் அதற்குப் பின்பும், தட்டெழுதிய கோப்புகள் வெவ்வேறு எழுத்துருக்களில் உள்ளன. புதிய கணிப்பொறியில் அந்த எழுத்துரு இல்லையெனில், கோப்பு பத்திரமாகத் திரும்பி வந்தும் படிக்க இயலாத கிறுக்கலாகவே தோன்றும். எனவே எழுத்துருக் கோப்புகளையும் நகலுடன் சேர்த்து வைத்தல் அவசியம்.

நான்காவது, ஒரு பக்கக் குறிப்பு. எந்த லினக்ஸ், எந்தக் கணக்கு மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த அச்சுப் பொறி, மீட்கும்போது முதலில் செய்ய வேண்டியது யாது என்பவற்றைத் தமிழில் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். இக்குறிப்பைக் கணிப்பொறிக்குள் மட்டும் வைத்திருப்பது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதாகும்.

எவ்வாறு காக்க வேண்டும்?

பீட்டர் கிராக் என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எடுத்துரைத்த ஒரு விதி உலகெங்கும் பரவியிருக்கிறது: மூன்று படிகள், இரண்டு விதமான சாதனங்கள், அவற்றுள் ஒன்று வெளியிடத்தில். இதனை நமது சங்கங்களின் வசதிக்கேற்பச் சுருக்கிக் கூறுவோம். கணிப்பொறியில் உள்ளது ஒன்று. அதற்கு வெளியே இரண்டு ஹார்ட் டிஸ்குகள் வாங்கி, ஒன்றுக்கு 'அ' என்றும் மற்றதற்கு 'ஆ' என்றும் பெயர் எழுதுக. ஒன்று அலுவலகத்தில் இருக்க, மற்றொன்று வேறு ஊரில் இருக்கட்டும். வாரம் ஒரு முறை இரண்டையும் மாற்றுக. இவ்வளவுதான் திட்டம். இரண்டு டிஸ்குகளின் விலை சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். கணக்கைப் புதிதாக எழுத ஆகும் கூலியோடு ஒப்பிட்டால் இது பொருட்டன்று.

வேறு ஊர் என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், திருவண்ணாமலை மலைச் சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்களைப் பலி கொண்டது. அந்த இழப்புக்கு முன் கணக்கும் காகிதமும் ஒரு பொருட்டல்ல. ஆயினும் ஒரே மழை ஓர் ஊரின் எல்லாத் தெருக்களையும் ஒருங்கே வருத்தும் என்பதை நாம் கண்ணால் கண்டோம். அடுத்த தெருவில் வைத்த படி அந்நாளில் உதவும் என்று எவர் உறுதி கூற இயலும்? திருவண்ணாமலையில் உள்ள சங்கம் போளூரிலோ செங்கத்திலோ, ஆரணியில் உள்ள சங்கம் திருவண்ணாமலையிலோ நட்புச் சங்கம் ஒன்றின் இரும்புப் பெட்டியில் தன் டிஸ்கை வைக்கலாம். பதிலுக்கு அவர்களுடையதைத் தான் காக்கலாம். கூட்டுறவு என்பதன் பொருளும் இதுவன்றோ?

படியெடுக்கும் கருவிகள் லினக்ஸில் பல உள்ளன. 1996இல் வெளிவந்த ஆர்சிங்க், மாறிய பகுதியை மட்டும் படியெடுக்கும் ஒரு கட்டளை. விரைவும் நம்பகமும் உடையது. கட்டளை எழுதத் தயங்குவோர்க்குத் தேஜா டூப் என்னும் மென்பொருள் ஏற்றது. எந்தக் கோப்புறை, எந்த டிஸ்க், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத் தானே வேலை செய்யும். மீட்கும்போது, எந்தத் தேதியில் இருந்தபடி வேண்டும் என்று கேட்டுத் தரும். எழுத்தரே மீட்டுக் காட்ட வல்லதாகையால், பெரும்பாலான சங்கங்களுக்கு இதனையே நாம் பரிந்துரைக்கிறோம். டைம்ஷிப்ட் என்னும் கருவி, புதுப்பிப்பு ஒன்றினால் கெட்டுப்போன இயங்குதளத்தை முந்தைய நிலைக்குக் கொணர மிகவும் உதவும். ஆனால் அதனை நம்பி ஆவணங்களை விட்டுவிடக் கூடாது. வேறுவிதமாகச் சொல்லாவிடில் அது ஹோம் கோப்புறையைப் படியெடுப்பதில்லை.

காப்பு என்று தவறாகக் கருதப்படுபவை சில உள்ளன. ஒரே கணிப்பொறியில் இரண்டு டிஸ்குகளில் ஒரே சமயத்தில் எழுதும் ரெய்டு முறை, ஒரு டிஸ்க் கெட்டால் வேலை நிற்காமல் காக்கும். தவறுதலாக அழித்ததை இரண்டிலும் அழித்துவிடும். இணையச் சேமிப்பில் தானாக ஒத்திசையும் கோப்புறையும் அவ்வாறே; இங்கே அழிந்தது அங்கும் அழியும், சில நாட்கள் குப்பைக் கூடையில் தங்குமேயன்றி நிலையாது. அதே டிஸ்கின் வேறொரு பகுதியில் வைத்த படி, டிஸ்க் போகும்போது உடன் போகும். எப்போதும் கணிப்பொறியில் செருகியே இருக்கும் டிஸ்கை மின்னல் தாக்கினாலும் நச்சு நிரல் தாக்கினாலும் கணிப்பொறியுடன் சேர்த்தே தாக்கும். ஆகவே வேலை முடிந்ததும் கழற்றி வைத்தல் வேண்டும். மேலும், கடையில் வாங்கிய டிஸ்க் ஃபேட்-32 முறையில் அமைந்திருந்தால் 4 ஜிகாபைட்டை எட்டும் ஒரு தனிக் கோப்பை ஏற்காது. லினக்ஸ் கோப்புகளின் உரிமைக் குறிப்புகளையும் காக்காது. முதலிலேயே லினக்ஸுக்குரிய எக்ஸ்ட்-4 முறையில் அமைத்துக்கொள்வது நலம்.

நகலைப் பூட்டி வைப்பதிலும் கருத்து வேண்டும். அங்கத்தினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் உள்ளன. டிஸ்க் பிறர் கையில் சிக்கினால் அவை யாவும் சிக்கும். எனவே கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்தே படியெடுக்க வேண்டும். ஆனால் அக்கடவுச்சொல் தொலைந்தால் நகலும் தொலைந்ததேயாகும். எந்த வல்லுநரும் அதைத் திறந்து தர இயலாது. ஒருவர் மனத்தில் மட்டும் அது தங்கலாகாது. தாளில் எழுதி, முத்திரையிட்ட உறையில் தலைவர் ஒன்றும் செயலாளர் ஒன்றுமாக வைத்திருப்பதே முறை.

மீட்புப் பார்த்தல்

இனி, நாம் தொடக்கத்தில் கூறிய முளைப்புச் சோதனைக்கு வருவோம். இதற்கு மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்குப் பெருங்கூட்டம் கூடும் இவ்வூரில் அந்த நாளை மறப்பவர் எவரும் இலர். ஆகவே பௌர்ணமியை அடுத்து வரும் அலுவலக நாளையே மீட்பு நாளாக வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை கூறுகிறோம். அன்று, சென்ற மாதத்து ஏதேனும் மூன்று கோப்புகளை நகலிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். ஒன்று கணக்கு, ஒன்று ஆவணத்தின் ஒளிப்படி, ஒன்று தமிழில் தட்டெழுதிய கடிதம். மீட்கும்போது பழைய இடத்தின் மேல் எழுதிவிடாமல், தனிக் கோப்புறையில் மீட்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. சோதனையே இன்றைய கணக்கை அழித்துவிடக் கூடாதல்லவா?

ஆண்டுக்கு ஒரு முறை முழுச் சோதனை வேண்டும். வேறொரு கணிப்பொறியை இரவலாகப் பெற்று, பென் டிரைவிலிருந்து லினக்ஸை நிறுவி, வெளியூரில் இருந்த டிஸ்கிலிருந்து தரவை ஏற்றி, கணக்கு மென்பொருளைத் திறந்து, இருப்புப் பட்டியலை அச்சிட்டு, சங்கத்தில் உள்ள பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு பகல் பொழுதில் முடிந்தால் நன்று. மூன்று நாள் ஆயிற்று என்றால், எவ்விடத்தில் தடைப்பட்டது என்று அறிந்து அக்குறையை நீக்கிக்கொள்ளலாம். கேடு வருமுன் தெரியும் குறை, குறையே அன்று. இரவல் பெற்ற கணிப்பொறியைத் திருப்பித் தருமுன் அதிலுள்ள தரவை முழுதும் நீக்கிவிட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இச்சோதனையை, முறையை அமைத்துக் கொடுத்தவரே செய்யக் கூடாது என்பது நமது மற்றொரு யோசனை. குறிப்புத் தாளை மட்டும் கையில் கொண்டு வேறொருவர் செய்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அறிந்த ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் பல நிலையங்கள் நடக்கின்றன. அவர் மாற்றலாகிப் போகலாம், நோயுறலாம். ஒருவரை நம்பி நிற்பது கூட்டுறவு ஆகாது.

சில ஆட்சேபங்கள்

பேரேடும் தொடர்ந்து எழுதுகிறோமே, அது போதாதா என்று கேட்போர் உண்டு. பேரேடு எழுதுவதை விட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மாத முடிவில் ஒவ்வோர் அங்கத்தினரின் இருப்பையும் அச்சிட்டுக் கட்டி வைப்பது மிகச் சிறந்த வழக்கம். மின்சாரமே இல்லாத நாளிலும் அது பேசும். ஆனால் அச்சிட்ட இருப்பிலிருந்து ஓராண்டு நடப்பை மீண்டும் கணிப்பொறியில் ஏற்றுவது எளிதன்று. இரண்டும் வேண்டும்.

இத்தனை சிறிய சங்கத்துக்கு இவ்வளவு ஏற்பாடா என்பது மற்றோர் ஆட்சேபம். இருப்பவை இரண்டு டிஸ்குகள், ஒரு பென் டிரைவ், ஒரு தாள், ஒரு பதிவேடு. மாதத்துக்கு ஒரு மணி நேர உழைப்பு, ஆண்டுக்கு ஒரு நாள் உழைப்பு. இதனினும் எளிய ஏற்பாடு நமக்குத் தெரிந்தவரை இல்லை. இதைவிடச் சிக்கலான ஏற்பாடு ஒன்றை எவரேனும் விற்க வந்தால், அதனை வாங்குமுன், எங்கள் எழுத்தர் இதிலிருந்து ஒரு கோப்பை இப்போதே மீட்டுக் காட்டட்டும் என்று கேட்டால் போதும். விடை அங்கேயே கிடைத்துவிடும்.

முடிவாக, அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் திருவள்ளூரை அடுத்த திரூரில் கடன் சங்கம் பதிவான நாள் தொட்டு, இந்த இயக்கம் கணக்கின் மீதுள்ள நம்பிக்கையால் நடந்து வருகிறது. அடுத்த பேரவைக் கூட்டத்தில் இலாபப் பங்கைப் பற்றிக் கேட்கும்போது, கடைசியாக எந்தத் தேதியில் மீட்புப் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் எழுந்து கேளுங்கள். 'நகல் எடுத்து வைத்திருக்கிறோம்' என்ற பதிலோடு அமர்ந்துவிடாதீர்கள். பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். நிர்வாகக் குழுவினரும் அக்கேள்வியைக் குறை கூறலாகக் கொள்ளாமல், உரிமையுடையோர் கேட்கும் கேள்வியாகக் கொண்டு, இம்மாதமே இரண்டு டிஸ்குகளை வாங்கி ஆவன செய்வார்களாக.